ரைபிள் தோட்டாச் செலவைக் குறைப்பது எப்படி: பார்த்து வாங்குவதும் வீட்டில் மறுநிரப்புவதும்

டெக்சஸுக்குக் குடிவந்த பிறகுதான் நான் ரைபிள் சுடப் பழகினேன். முதல் ஆண்டு முடிவில் ரசீதுகளைச் சமையலறை மேசையில் பரப்பி வைத்துக் கூட்டிப் பார்த்தபோது, துப்பாக்கிக்கும் அதன் தொலைநோக்கிக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிடத் தோட்டாக்களுக்குக் கொடுத்தது அதிகமாகியிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு எழுதிவருகிறேன். அந்தக் கணக்கு எனக்குக் கற்றுத்தந்ததை, இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே முறையாக எழுதுகிறேன். விலை பார்த்து வாங்குவது, சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது என இரண்டு வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்கு லாபம் என்பது, நீங்கள் எந்தக் கேலிபரில் (குழல், தோட்டா அளவில்), ஆண்டுக்கு எத்தனை தோட்டா சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளுக்குள் வந்தாலொழிய, துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது. நண்பர்களுடன் வார இறுதியில் சுடுதளத்துக்குப் போகும் நம் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டாக்களை மறுநிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. ஆனால் நிரப்பியவற்றை விற்பனைக்குக் கொடுக்க உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் தனி. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. 2024 ஜூலை முதல் தோட்டாக்களுக்கு மாநிலத்தின் 11 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா தயாரிப்பதற்கும் உரிமம் கேட்கிறது என்பதால், இக்கட்டுரையில் உள்ள எதையும் ஊரில் செய்து பார்க்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது, சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையையே பயணப் பையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரத்தில் மறந்து கிடக்கும் ஒரே ஒரு தோட்டா விமான நிலையத்தில் உங்களை வழக்கில் மாட்டிவிடும்.

ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு

வாங்குகிறவர் பார்க்க வேண்டிய விலை ஒன்றுதான்: அஞ்சல் கட்டணமும் வரியும் சேர்த்து, ஒரு தோட்டாவுக்கு எத்தனை சென்ட் என்பது. பெட்டி விலை கண்ணை ஏமாற்றும். ஒரு பெட்டியில் 20 இருக்கும், இன்னொன்றில் 50 இருக்கும், ஒரே நிறுவனமே இரண்டு அளவிலும் அடைத்து விற்கும். இணையத்தில் மலிவாகத் தெரிவது, எடை கூடிய பொருள் என்பதால், அஞ்சல் கட்டணம் ஏறியதும் பக்கத்துக் கடை விலையையே தொட்டுவிடும். ஆகவே இணையத்தில் ஒரு பெட்டி இரண்டு பெட்டியாக வாங்காமல், 1000 தோட்டா கொண்ட முழுப் பெட்டகமாக, கட்டணமில்லா அஞ்சல் அறிவிக்கும் நாட்களில் வாங்குவதே பயன் தரும். ஒருவரால் முடியாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம், அனைவரும் சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களாக இருந்தால். மொத்தமாக வாங்குவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: ஒரே பெட்டகத்தில் பெரும்பாலும் ஒரே உற்பத்தித் தொகுதி எண் இருக்கும். தொகுதி மாறும்போது குண்டு விழும் இடமும் சற்றே மாறுவதால், ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியைச் சரிசெய்யப் பத்துப் பதினைந்து தோட்டாக்களை வீணாக்குகிறோம். ஒரே தொகுதியாக இருந்தால் அந்தச் செலவு இல்லை.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். இலையுதிர் காலத்தில் மான் வேட்டைப் பருவம் நெருங்கும்போது .308, .30-06, .270 ஆகிய வேட்டைக் கேலிபர்களின் விலை இறங்காது. பருவம் முடிந்த குளிர்காலத்தில் கடைகள் மிச்சத்தைத் தள்ளுபடியில் தள்ளிவிடும். உற்பத்தியாளர்களே ரசீதைப் பெற்றுக்கொண்டு பணத்தைத் திருப்பித்தரும் சலுகைகளையும் அறிவிப்பதுண்டு. அறிவித்த காலக்கெடுவுக்குள் ரசீதும் பெட்டியின் பட்டைக்கோடும் அனுப்ப வேண்டும் என்பதால், பெட்டியைக் கிழித்தெறியாதீர்கள். தேர்தல் ஆண்டுகளிலும், துப்பாக்கிச் சட்டம் பற்றிய பேச்சு எழும் நாட்களிலும் மக்கள் பதற்றத்தில் வாங்கிக் குவிப்பார்கள். 2013இல் மிகச் சிறிய, மலிவான .22 தோட்டாவுக்கே கடை திறக்கும் முன் வரிசையில் நின்றார்கள்; 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாக் கேலிபருக்கும் அந்த நிலை வந்தது. அந்த நாட்களில் வாங்கியவர்கள் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். ஓராண்டுத் தேவையைக் கையிருப்பில் வைத்திருந்தவர்கள் அமைதியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஓராண்டுக்கு மேல் குவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் அலமாரியில் முடங்கிக் கிடப்பதும் ஒரு செலவுதான். இருப்பதை ரப்பர் விளிம்பு கொண்ட இரும்புப் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன், வெயில் தாக்காத அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது. டெக்சஸின் கோடையில் கார் டிக்கியில் வைக்கவே கூடாது.

மலிவு என்றதும் பலரும் எஃகுக் கூட்டுத் தோட்டாக்களைத் தேடுவார்கள். ஒருகாலத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த அவ்வகைத் தோட்டாக்கள்தான் இங்கே மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. 2021 செப்டம்பரில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு நஞ்சு வைக்கப்பட்ட விவகாரத்தை ஒட்டி அமெரிக்க அரசு புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியதிலிருந்து அந்த ஊற்று வற்றிக்கொண்டே வருகிறது. இப்போதும் கிடைப்பவற்றை வாங்கும் முன் உங்கள் சுடுதளத்தின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குண்டின் மேலுறையிலும் எஃகு கலந்திருந்தால் அத்தகைய குண்டுகள் இலக்குப் பலகையைச் சேதப்படுத்தும், பொறி பறக்கவிடும் என்பதால், நுழைவாயிலிலேயே காந்தம் வைத்துச் சோதித்துத் திருப்பி அனுப்பும் தளங்கள் பல. பழைய ராணுவ மிச்சங்களும் மலிவானவைதான். ஆனால் அவற்றில் பலவற்றின் பிரைமர் (அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அரிக்கும் உப்பைக் குழலில் படியவிடும். சுட்ட அன்றே நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே துரு தெரியும். உப்பு நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: 5.56 நேட்டோ மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக .223 ரெமிங்டன் என்று மட்டும் பொறிக்கப்பட்ட குழலில் அதைச் சுடாதீர்கள். வெளி அளவு ஒன்றுபோல் இருந்தாலும், குழலின் உட்புறச் சுழல் பள்ளங்களில் குண்டு பிடிக்கும் இடம் அந்தக் குழலில் நெருக்கமாக இருப்பதால் அழுத்தம் எகிறும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை எனக்கு மிச்சப்படுத்தியது .22 எல்.ஆர். ரைபிள்தான். நிற்கும் நிலை, மூச்சைப் பிடிப்பது, விசையை நெரித்து இழுப்பது ஆகிய அடிப்படைகளை எல்லாம் 50 யார்டு தூரத்தில் .22ஐக் கொண்டே பழகலாம், ஒரு .308 தோட்டாவின் விலையில் பத்துக்கும் மேற்பட்ட .22 தோட்டாக்களைச் சுடலாம். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை என்பதால் அதை மறுநிரப்ப முடியாது. அந்த விலைக்கு மறுநிரப்ப வேண்டிய தேவையும் இல்லை. பெரிய ரைபிளை வாரந்தோறும் எடுப்பதை மாதம் ஒருமுறை என்று குறைத்தபோது என் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. இலக்கில் குண்டுகள் நெருங்கி விழவும் தொடங்கின.

விலையில் ஒளிந்திருக்கும் ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, தோட்டாக்களின் மேல் 11 சதவீதக் கூட்டாட்சி வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலிக்கப்பட்டு, மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. நாம் நடந்து பார்க்கும் காட்டுப்புறங்கள் பலவும், பொதுச் சுடுதளங்கள் சிலவும் அந்தப் பணத்தில் பராமரிக்கப்படுபவை. அதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநிரப்புவது யாருக்கு லாபம்

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து (இனி மருந்து என்றே சொல்கிறேன்), முனையில் குண்டு. சுடும்போது பிரைமரும் மருந்தும் எரிந்துபோகின்றன, குண்டு போய்விடுகிறது. கூடு மட்டும் நம் காலடியில் விழுகிறது. நான்கில் பெரும்பாலும் விலை கூடியது அந்தக் கூடுதான். கடைத் தோட்டாவைச் சுட்டுவிட்டுக் கூட்டை அங்கேயே விட்டுவருகிறவர், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய முதலைத் தரையில் விட்டுவருகிறார். பின்னாளில் மறுநிரப்பும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் இன்றிலிருந்தே உங்கள் கூடுகளைப் பொறுக்கி, கேலிபர் வாரியாகவும் தயாரிப்பாளர் வாரியாகவும் பிரித்து வையுங்கள். மற்றவர்கள் விட்டுச்செல்வதை எடுக்கும் முன் தளத்தில் கேளுங்கள். தரையில் விழுந்தது தளத்துக்கே சொந்தம் என்று விதி வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

இனி கணக்கு. கீழே உள்ள விலைகள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டு மருந்து என்பது 7000 கிரெயின். .308க்கு ஒரு தோட்டாவுக்குச் சுமார் 42 கிரெயின் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டில் 166 தோட்டா. பவுண்டு 45 டாலர் என்றால் மருந்து 27 சென்ட். போட்டித் தரக் குண்டு 40 சென்ட், பிரைமர் 8 சென்ட், ஒரு டாலர் கூடு எட்டு முறை பயன்படுகிறது என்றால் ஒரு முறைக்குப் பன்னிரண்டரை சென்ட். மொத்தம் ஏறத்தாழ 88 சென்ட். அதே தரத்துத் தோட்டா கடையில் ஒன்றரை டாலர் என்றால், ஒவ்வொன்றிலும் 62 சென்ட் மிச்சம்; 450 டாலர் கருவிச் செலவு சுமார் 720 தோட்டாக்களில் திரும்பிவிடும். இதையே .223க்குப் போட்டுப் பாருங்கள்: மொத்தமாக வாங்கும் சாதாரணத் தோட்டா 50 சென்ட்; நீங்கள் நிரப்பினால் குண்டு 12, மருந்து 16, பிரைமர் 8 என, பொறுக்கிய கூட்டுக்கு விலை போடாமலே, 36 சென்ட். மிச்சம் 14 சென்ட். கருவிச் செலவு திரும்ப 3200 தோட்டாக்களுக்கு மேல் நிரப்ப வேண்டும், அத்தனை மணி நேரமும் செலவிட வேண்டும்.

இதிலிருந்து என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு மான், இருபது தோட்டா என்று சுடுகிறவருக்கு மறுநிரப்புக் கருவி தேவையில்லை. சாதாரண .223, 7.62×39 சுடுகிறவர் மொத்தமாக வாங்குவதே மேல். .308, 6.5 கிரீட்மோர் போன்றவற்றில் நெடுந்தூர இலக்குச் சுடுகிறவருக்கும், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற விலை மிகுந்த கேலிபர் வைத்திருப்பவருக்கும், கடைகளில் அரிதாகவே கிடைக்கும் பழைய ரைபிள் வைத்திருப்பவருக்கும் மறுநிரப்புவதால் உண்மையான லாபம் உண்டு. அப்போதும் ஆண்டுச் செலவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்தவரை, மறுநிரப்பத் தொடங்கிய எல்லோரும் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு சுடுகிறார்கள்.

கருவிகளில் எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்பதைப் பார்ப்போம். கைப்பிடியை இறக்கிக் கூட்டை அழுத்தும் கருவிதான் பிரஸ். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை பிரஸ் போதும்; லீ, ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி ஆகிய நிறுவனங்களின் தொடக்கத் தொகுப்புகள் நன்றாகவே உழைக்கும், பழையதாக வாங்கினாலும் பிரஸ் பெரும்பாலும் கெடுவதில்லை. தராசிலும் வெர்னியர் காலிப்பரிலும் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மருந்தையும் பிரைமரையும் இணையத்தில் வாங்கினால், ஆபத்தான பொருள் என்ற வகையில் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தனிக் கட்டணம் வரும். ஒரு பவுண்டு வாங்கினாலும் எட்டுப் பவுண்டு வாங்கினாலும் பெரும்பாலும் அதே தொகைதான். அது 30 டாலர் என்றால், ஒற்றைப் பவுண்டின் விலை 45இலிருந்து 75 ஆகிவிடும். எட்டுப் பவுண்டுக் குடுவையில் பவுண்டுக்கு நான்கு டாலருக்கும் குறைவாகவே கூடும். ஆனால் உங்கள் ரைபிளுக்கு ஒத்துவருகிறதா என்று உள்ளூர்க் கடையில் ஒரு பவுண்டு வாங்கிச் சோதித்த பிறகே பெரிய குடுவைக்குப் போங்கள்.

கூடுகளை விலைக்கு வாங்குவதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். துப்பாக்கிச் சந்தை ஒன்றில் ஒரு பை நிறையப் பழைய கூடுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. வீட்டுக்கு வந்து முதல் கூட்டைப் பிரஸ்ஸில் ஏற்றிக் கைப்பிடியை இறக்கினேன். பழைய பிரைமரை வெளியே தள்ள வேண்டிய ஊசி டக்கென்று முறிந்தது. மாற்று ஊசி போட்டேன், அதுவும் முறிந்தது. அதன் பிறகே கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றியது: அடியில் நடுவே ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சின்னத் துளைகள் பாம்பின் மூக்குபோல் என்னைப் பார்த்தன. அது பெர்டன் வகை. நடுவில் ஒரே துளை கொண்ட பாக்சர் வகையைத்தான் சாதாரணக் கருவியால் மறுநிரப்ப முடியும். பெர்டன் ஓர் அமெரிக்கர், பாக்சர் ஓர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் நிலைத்துவிட்டது. பழைய கூடு வாங்கும்போது நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். லேக் சிட்டி ஆலையில் செய்தவை போன்ற ராணுவக் கூடுகள் தரமானவை. அவற்றில் பிரைமரைச் சுற்றி நசுக்கிப் பிடித்திருக்கும் விளிம்பை மட்டும் முதல் முறை அகற்ற வேண்டியிருக்கும்.

கூட்டின் ஆயுளை நீட்டுவதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு குழலறையின் அளவுக்கு விரிகிறது. நாம் பிரஸ்ஸில் பொருத்தும் டை என்ற அச்சில் அழுத்திச் சுருக்குகிறோம். பித்தளை மெல்ல மெல்ல முன்னோக்கி வழிந்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. தேவைக்கு அதிகமாகக் கூட்டின் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் பகுதியை) பின்தள்ளினால் மூன்று நான்கு முறையிலேயே கூடு இரண்டாகப் பிளக்கும். தேவையான அளவு மட்டும், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு, பின்தள்ளினால் பல முறை தாங்கும். கூட்டின் கழுத்து நீண்டுவிட்டால் கையேட்டு அளவுக்கு வெட்டிவிட வேண்டும். மெலிவைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறிது வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் நுனி சிக்கும். வெளியிலும் அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். சிக்கினால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கி, பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடுங்கள். காசை மிச்சம் பிடிக்க இன்னும் ஒருமுறை என்று நினைக்க வேண்டிய இடம் அதுவல்ல. பிளந்த கூட்டிலிருந்து பின்னால் பாயும் வாயு உங்கள் கண்ணருகே வரும்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதமாட்டேன். மேலே வந்த எண்கள் காசுக் கணக்குக்கானவை மட்டுமே. அளவுகளை மருந்துத் தயாரிப்பாளர், குண்டுத் தயாரிப்பாளர் ஆகியோரின் இப்போதைய கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். குறைந்தபட்ச அளவில் தொடங்கி, சிறுகச் சிறுக ஏற்றுங்கள். முன்பின் தெரியாதவர் சொல்லும் அளவை நம்பாதீர்கள், மற்றவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதீர்கள். பெயரில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஹெச் 4895, ஐ.எம்.ஆர். 4895 இரண்டும் எண்ணில் ஒன்று, மருந்தில் வேறு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்துக் குடுவைதான் இருக்க வேண்டும். மருந்து போட்ட கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சி, கைபேசி, அரட்டை எதுவும் அந்த ஒரு மணி நேரத்தில் வேண்டாம். மருந்தையும் பிரைமரையும் அவை வந்த உறையிலேயே வைக்க வேண்டும். பிரைமர்களைக் கொட்டிப் புட்டியில் அடைப்பது ஆபத்து, ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருப்பதால், கூடு சுத்தம் செய்வதைச் சமையலறையிலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள். முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள்.

நிரப்பி முடித்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் தேதி, கூட்டின் தயாரிப்பு, அது எத்தனையாவது முறை, பிரைமர், மருந்தின் முழுப்பெயரும் அளவும், குண்டின் எடை ஆகியவற்றை அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள். எழுத்தில்லாத பெட்டி ஒன்று அலமாரியில் கிடைத்தால், எவ்வளவு நினைவுபடுத்திப் பார்த்தாலும் அதைச் சுட வேண்டாம். சுத்தியல்போல் இருக்கும் குண்டு பிடுங்கியில் ஒவ்வொன்றாக மாட்டிக் கட்டையில் தட்டினால் குண்டும் மருந்தும் தனியே வந்துவிடும். குண்டும் கூடும் மறுபடி பயன்படும். என்னவென்று உறுதியாகத் தெரியாத அந்தச் சிறிதளவு மருந்தை மட்டும் புல்வெளியில் மெல்லிசாகத் தூவிவிடுங்கள், அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரமாகும்.